பீரோவுக்குள் கிடக்கும் காது மெஷின்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஒரு மில் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை, 39 வயது. பெற்றோர், கணவர், நான்காம் வகுப்பு படிக்கும் மகள் என்று எல்லோரும் ஒரே வீட்டில். அப்பாவுக்கு 67 வயது. நூற்பாலையில் ரிங் பிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) பகுதியில் 31 வருடம் வேலை பார்த்து, ஒன்பது வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் உண்டு.

சில வருடங்களாக அப்பாவுக்குக் காது மந்தம். டிவி சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. எட்டு மாதத்துக்கு முன் ஊர் மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் பரிசோதனை செய்து, வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய பணத்தில் 1,30,000 ரூபாய்க்கு இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். வெளியே தெரியாமல் காதுக்குள்ளேயே அடங்கிவிடும் மாடல். அப்பா பத்து நாள் போட்டார். பிறகு கழற்றி, பீரோவில் அம்மாவின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கேட்டால் கோபம் வருகிறது. 'எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ள பேசுறீங்க' என்கிறார்.

கடிதத்தின் கடைசியில் வாசகி கேட்டிருப்பவை: அப்பா வீம்பு பிடிக்கிறாரா? இன்னும் விலை கூடிய மெஷின் வாங்கினால் போடுவாரா? மெஷின் போட்டால் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடும் என்று அம்மா சொல்வது உண்மையா? ஆபரேஷன் உண்டா? கேட்காமலேயே இருந்தால் மறதி நோய் வரும் என்று படித்தேனே, அதைச் சொல்லி மிரட்டியாவது போட வைக்கலாமா? மில் வேலையால் வந்தது என்றால் இழப்பீடு கிடைக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இந்தக் கேள்விகளில் எதுவும் இல்லை. நான்காவது பக்கத்தில், வேறெதையோ சொல்லும்போது இடையில் எழுதியிருக்கிறீர்கள்: 'பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாத்தாவிடம் ஓடிப்போய்க் கதை சொல்வாள். இப்போது சொல்வதில்லை. தாத்தாவுக்குப் புரியாது என்கிறாள்.' இந்த வரியை வைத்துக்கொண்டே உங்களிடம் பேசுகிறேன். அப்பாவின் காதுக்கு எது வேண்டும் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். உங்கள் அப்பா தனி ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, காது கேட்கும் கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் ஏறக்குறைய 17 சதவீதம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். மீதிப் பேரில் பலருக்குக் காசில்லை, பலருக்கு மருத்துவரிடம் போக வழியில்லை. ஆனால் பிரிட்டனில் அரசே இலவசமாகக் கருவி தருகிறது. அங்கும் வாங்கிக்கொண்டு போய் மேசை டிராயரில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் 'இவ்வளவு காசு கொட்டியும் போடவில்லையே' என்ற உங்கள் வருத்தம் புரிந்தாலும், காசுக்கும் போடுவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மெஷினை ஒருவர் கழற்றி வைக்கிறார் என்றால் பெரும்பாலும் அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை அவர் சொல்லியும் இருப்பார். நாம்தான் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்கிறோம்.

அப்பா சொன்ன நாலு வார்த்தை

மெஷின் போட்ட அந்தப் பத்து நாளில் அப்பா என்னென்ன சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'சாக்குப்போக்கு' என்று மேலே தலைப்பும் போட்டிருக்கிறீர்கள். காது மந்தமானவர்களுக்கு மெஷின் அமைக்கும் என் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இதே வார்த்தைகளைக் கேட்டு வருகிறேன். இவை ஒவ்வொன்றும் மெஷினில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்பு.

'பேசினா குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு' என்றாராம். உங்கள் இரண்டு காதையும் விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். அப்பா சொன்னது அதுதான். நீங்கள் அனுப்பிய ஆடியோகிராம் (காது பரிசோதனை வரைபடம்) நகலைப் பார்த்தேன். அதில் ஹெர்ட்ஸ் கூடினால் மேல் ஸ்வரம், டெசிபல் கூடினால் கேட்பது குறைவு என்று அர்த்தம். இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவு: 500 ஹெர்ட்ஸில் 35 டெசிபல், 1000-இல் 40, 2000-இல் 55, 4000-இல் 75. அதாவது அடித்தொண்டைச் சத்தங்கள் அவருக்கு ஓரளவு நன்றாகவே கேட்கின்றன. அப்படிப்பட்ட காதை, காற்றுத் துளை போதாத மெஷினால் கார்க் போட்ட மாதிரி அடைத்தால் சொந்தக் குரலே உள்ளே முட்டி எதிரொலிக்கும். சாப்பிடும்போது மெல்லும் சத்தம் மண்டைக்குள் இடிக்கும். காதுக்குள் முழுவதும் அடங்கும் மாடலைத் தேர்ந்தெடுத்தது அப்பா இல்லை, நீங்கள். 'வெளியே தெரிந்தால் அப்பா வெட்கப்படுவார்' என்று நினைத்து அன்போடுதான் செய்தீர்கள். ஆனால் இவருடைய கேட்கும் திறனுக்குப் பொருத்தமானது, மெஷின் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயர் மட்டும் காதுக்குள் வந்து, காற்றுப் போகிற மாதிரி சின்ன ரப்பர் மூடியோடு இருக்கும் மாடல். அது வெளியே கொஞ்சம் தெரியும். தெரிந்தாலும் பரவாயில்லையா என்பதை அப்பா சொல்ல வேண்டும், நாம் இல்லை.

'டீக்கடையில எல்லாம் ஒரே இரைச்சல், மண்டை வலிக்குது' என்றது இரண்டாவது. காதின் உள்ளே நத்தைக்கூடு போன்ற ஒரு பகுதி உண்டு, காக்ளியா என்போம். அதில் ஒலியை உணரும் ரோம செல்கள், காதுக்குச் சுமார் 15,000. வயதாலும் சத்தத்தாலும் அவை தேய்ந்து உதிரும். உதிர்ந்தது திரும்ப முளைக்காது. அவை குறையும்போது மெல்லிய சத்தம் கேட்காமல் போகிறது, ஆனால் பலத்த சத்தம் பழையபடி பலமாகவே விழுகிறது. நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. 'சத்தமா பேசு' என்றவரே அடுத்த நிமிடம் 'ஏன் கத்துற' என்று எரிந்துவிழுவது இதனால்தான். மெஷின் மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும், பலத்த சத்தத்தை ஓர் எல்லைக்கு மேல் விடக்கூடாது. இந்த எல்லையை ஒவ்வொரு ஆளுக்கும் கம்ப்யூட்டரில் இணைத்துத் தனியாக அமைக்க வேண்டும். முகாம் நாளில் நாற்பது நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார்கள், அப்புறம் ஒருமுறைகூடப் போகவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் அப்பாவுக்கு வேலை பாதியில் நின்றிருக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டவுடன் தெளிவாகத் தெரியும். காது மெஷின் அப்படி இல்லை. முதல் இரண்டு மாதத்தில் மூன்று நான்கு தடவையாவது போய்த் திருத்திக்கொள்ள வேண்டும்.

'அரிக்குது' என்றாராம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காதுத் தோல் உலர்ந்து அரிக்கும், பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். நம் ஊர் வெயிலில் வேர்வை வேறு. காதுக்குள் என்ன இருக்கிறது என்று இ.என்.டி. மருத்துவர் யாரும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. குறும்பி அடைத்திருந்தாலும் மெஷின் 'கீ' என்று விசிலடிக்கும். முதலில் அங்கே போங்கள். அதுவரை அம்மா வாராவாரம் காய்ச்சி விடும் நல்லெண்ணெய் வேண்டாம். இதை அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நாலாவதாக, 'பேட்டரி போட முடியல' என்றார். அந்த மாடலில் பெரும்பாலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 10-ஆம் எண் பேட்டரிதான் போடுவார்கள். ஒரு துவரம்பருப்பை விடக் கொஞ்சம்தான் பெரியது. வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். 31 வருடம் நூல் முடிந்து காய்ப்பேறிய விரல், சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய விரல் நுனி. அந்த விரலால் அதைத் திருப்பிச் செருகச் சொல்கிறோம். ஒருநாள் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டபோது, எட்டு வயதுப் பேத்தி எடுத்துக்கொடுத்து 'நான் போட்டுவிடட்டுமா தாத்தா' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மறுநாள்தான் மெஷின் பீரோவுக்குள் போயிருக்கிறது, தேதியைச் சேர்த்துப் பாருங்கள். பெரிய பேட்டரி போடும் மாடலும், செல்போன் மாதிரி ராத்திரி சார்ஜில் வைக்கும் மாடலும் இருக்கின்றன.

வேண்டும்போது மட்டும் கேட்கிறதா?

'அம்மா சமையலறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாலும் கேட்காது. ஆனால் நானும் கணவரும் பணவிஷயம் பேசினால் உடனே திரும்பிப் பார்ப்பார்' என்கிறீர்கள். இதுதான் உங்களுக்கு அவர்மேல் இருக்கும் சந்தேகத்தின் வேர் என்று நினைக்கிறேன்.

ஆடியோகிராமில் இன்னொன்றைக் கவனித்தேன். 4000 ஹெர்ட்ஸில் 75 என்று இறங்கும் கோடு 8000-இல் 65 என்று கொஞ்சம் ஏறுகிறது. இந்தப் பள்ளம் சத்தத்தில் வேலை பார்த்த காதின் முத்திரை. வயதால் மட்டும் வரும் காது மந்தத்தில் கோடு ஏறாமல் இறங்கிக்கொண்டே போகும். உங்கள் அப்பாவுக்கு வயதும் சேர்ந்திருக்கலாம், ஆனால் மில்லின் கை இதில் தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் காதுக்குத் தமிழ் எப்படிக் கேட்கும்? ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் பலமானவை, கீழ் ஸ்வரத்தில் இருப்பவை. அவை அவருக்குக் கேட்கின்றன. க், ச், ட், த், ப் ஆகியவை மேல் ஸ்வரத்தில் மின்னி மறைபவை. வல்லினம் என்று நாம் பெயர் வைத்திருந்தாலும், காதுக்கு வந்து சேர்வதில் இவைதான் மெலிந்தவை. பட்டு, தட்டு, கட்டு மூன்றும் அவருக்கு ஒன்றுபோலவே விழும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அதனால்தான் 'எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ள பேசுறீங்க' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் காதுக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதிலும் குழந்தையின் குரல் மெல்லியது, கீச்சென்று மேல் ஸ்வரத்தில் ஒலிப்பது, வேகமும் கூட. வீட்டில் முதலில் தொலைவது அந்தக் குரல்தான்.

அப்புறம், மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு திறமை இருக்கும். ரிங் பிரேம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பார்கள், கை ஜாடையில் ஷிப்டு முழுக்கப் பேசிக்கொள்வார்கள். உங்கள் அப்பா முப்பது வருடம் இதில் பழகியவர். கூடத்தில் எதிரே உட்கார்ந்து நீங்கள் பேசும் பணவிஷயத்தை அவர் பாதி கண்ணால் கேட்கிறார். முகமும் தெரிகிறது, என்ன பேச்சு என்பதும் தெரியும். சமையலறையிலிருந்து வரும் குரலுக்கு முகமில்லை, குக்கரும் மிக்ஸியும் வேறு ஓடுகின்றன. ஒரே ஆள், ஒரே காது, சூழ்நிலைதான் வேறு. இதை வீம்பு என்று நீங்கள் நினைத்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இனிமேல் 'வேணும்னா மட்டும் கேக்குது' என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். அது அவரை நன்றாகவே குத்தியிருக்கும்.

இன்னும் விலை கூடிய மெஷின்

வேண்டாம், இப்போது வேண்டாம். விலை கூடும்போது இரைச்சலைக் குறைக்கும் வசதி, போனோடு இணையும் வசதி எல்லாம் கூடும். அதெல்லாம் உபயோகமானவைதான். ஆனால் மூன்று லட்ச ரூபாய் மெஷினையும் சரியாக அமைக்காவிட்டால் அதுவும் அதே பீரோவுக்குத்தான் போகும். நடுத்தர விலை மெஷினை நன்றாக அமைத்து, பொறுமையாகத் திருத்தி, நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் என்னிடம் எத்தனையோ பேர் வருகிறார்கள்.

முதலில் வாங்கிய இடத்துக்குப் போங்கள். ரசீது, வாரண்டி அட்டை, ஆடியோகிராம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். குடம் மாதிரி எதிரொலிக்கிறது, இரைச்சல் தாங்கவில்லை என்று எழுத்தில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கவோ, கூட்டை மாற்றவோ, வேறு மாடலுக்கு மாற்றிக்கொள்ளவோ கேளுங்கள். எட்டு மாதம்தான் ஆகிறது, வாரண்டி இருக்கும். மெஷினை அமைப்பவர் ஆடியாலஜிஸ்டா (கேட்கும் திறன் நிபுணரா), இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் உண்டா என்று தயங்காமல் கேட்கலாம், அது உங்கள் உரிமை. கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் முழுப் பணமும் திரும்பும் என்று எண்ணிப் போகாதீர்கள். நமக்கு வேண்டியது அப்பாவுக்குப் பொருந்தும் மெஷின். பெரும்பாலும் பேசியே தீர்த்துவிடலாம்.

அங்கே நம்பிக்கை வரவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். உங்கள் மாவட்டத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பரிசோதனையைப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து எடுத்த ஆடியோகிராமை நான் முழுதாக நம்ப மாட்டேன். சத்தம் புகாத அறையில், வார்த்தைகளைச் சொல்லச் சொல்லிச் செய்யும் பேச்சுப் பரிசோதனையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மெஷினை ஒரு சகஆசிரியை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் ஏற்றும் வெறும் ஒலிபெருக்கி. அடித்தொண்டைச் சத்தம் ஏற்கெனவே கேட்கும் உங்கள் அப்பாவுக்கு அது இரைச்சலைத்தான் கூட்டும்.

மற்றக் கேள்விகளுக்கு

மெஷின் போட்டால் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடும் என்று அம்மா பயப்படுவது பல வீடுகளில் இருக்கும் பயம். அளவோடு அமைத்த மெஷின் காதைக் கெடுக்காது. வயதாக ஆகக் கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், போட்டாலும் போடாவிட்டாலும். நாலு வருடம் போட்டவர் ஒருநாள் கழற்றிவிட்டு 'முன்ன இதைவிடக் கேட்டுச்சே' என்பார். தெளிவாகக் கேட்டுப் பழகிய பிறகு வெறும் காது மந்தமாகத் தோன்றுவது அது.

ஆபரேஷன் இவருக்குக் கிடையாது. செவிப்பறை ஓட்டை, நடுக்காது எலும்பு இறுக்கம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை உண்டு. மிகக் கடுமையான கேளாமைக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கருவி) உண்டு. அப்பாவின் நிலை இரண்டும் இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு காது மட்டும் திடீரென்று ஓரிரு நாளில் அடைத்துப்போனால், தலைசுற்றலோடு வந்தால், சீழோ ரத்தமோ வந்தால் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மறதி நோயைச் சொல்லி மிரட்ட வேண்டாம். நடுவயதில் வரும் காது மந்தத்துக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதல் சொல்லி வருவது உண்மை. ஆனால் மெஷின் போட்டால் தடுக்கலாமா என்று அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தபோது மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறதி வருவதற்கான ஆபத்துகள் ஏற்கெனவே கூடுதலாக இருந்த குழுவில் மட்டும் மூளைத்திறன் சரிவு பாதியளவுக்குக் குறைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் ஒருவரை மிரட்டுவதற்கு இது போதாது. பயத்தில் மெஷின் போட்டவர் ஒரு மாதம் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

இழப்பீடு பற்றி: சத்தத்தால் வரும் கேளாமை, அப்பா வேலை பார்த்த காலத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சட்டத்திலும் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது. ஆனால் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து, வேலையால்தான் வந்தது என்று நிரூபிப்பது கடினம். முயல்வதென்றால் பணிச்சான்று, பழைய இ.எஸ்.ஐ. எண்ணோடு கிளை அலுவலகத்திலும், அப்பா இருந்த தொழிற்சங்கத்திலும் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு என்று எல்லை வைத்திருக்கிறது. அப்பாவின் சராசரி 51 அளவில் வருகிறது. இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம். இன்றும் மில்லில் வேலை பார்க்கும் உறவினர்கள் யாரேனும் இருந்தால், காதடைப்பான் போடச் சொல்லுங்கள். அப்பாவை உதாரணம் காட்டியே சொல்லலாம்.

இனி என்ன செய்யலாம்

நாளைக்கே மெஷினைக் கையில் கொடுத்துப் போடச் சொல்லாதீர்கள். முதலில் ஒரு சாயங்காலம், டிவியை அணைத்துவிட்டு, எதிரே வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அப்பா, உங்களுக்கு எது கேட்டா நல்லா இருக்கும்?' இந்த எட்டு மாதத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை. டிவி சத்தம் குறைய வேண்டும் என்பது உங்கள் தேவை. கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்பது அம்மாவின் தேவை. அவருடைய தேவை வேறாக இருக்கும். டீக்கடை நண்பர்கள் பேச்சு என்பார், கோயிலில் ஓதுவார் பாடுவது என்பார், ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்வார். ஒன்றும் வேண்டாம் என்றால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அவர் முழு அறிவோடு இருக்கும் பெரிய மனிதர். போடாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை தன்னிடம் இருப்பது தெரிந்தவர்தான் பிறகு தானாகப் போட்டுப் பார்க்கிறார்.

மெஷினைத் திருத்தி வாங்கிய பிறகு முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், தினம் இரண்டு மணி நேரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். டீக்கடை மூன்றாவது நான்காவது வாரத்துக்கு. கல்யாண மண்டபமும் நாதஸ்வரமும் கடைசியில், அங்கே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆரம்பத்தில் தேவையில்லாத சத்தம்தான் முன்னால் வந்து நிற்கும். என்னிடம் வந்த ஒரு பெரியவர், மெஷின் போட்டு எழுந்ததும் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். கஞ்சி போட்ட வேட்டி சரசரத்த சத்தம். பல வருடம் கழித்து முதல்முறை கேட்கிறார். மூளை அதை மறுபடி ஒதுக்கப் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்த வாரங்களில்தான் பெரும்பாலானவர்கள் கழற்றிவிடுகிறார்கள். இது முன்கூட்டியே தெரிந்தால் தாங்கிக்கொள்வார்கள். அப்பாவுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டு காதும் ஒரே அளவில் குறைந்திருப்பதால் இரண்டிலும் போடுவது நல்லது. சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும், கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுக்கவும் உதவும். ஆனால் 'ஒண்ணு மட்டும் போட்டுக்கிறேன்' என்றால் மறுக்காதீர்கள். ராத்திரி கழற்றி ஈரம் உறிஞ்சும் உருண்டை போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில், தலை காய்ந்த பிறகுதான் போட வேண்டும்.

வீட்டில் மற்றவர்களும் கொஞ்சம் மாற வேண்டும். மெஷின் பாதி வேலைதான் செய்யும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு பேசுங்கள். கத்தாதீர்கள், கத்தும்போது கேட்கிற உயிரொலிதான் பெருக்கும், கேட்காத வல்லினம் அப்படியே இருக்கும், வாயும் கோணி உதடு படிக்க முடியாமல் போகும். ஒருமுறை புரியவில்லை என்றால் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லாமல் வேறு மாதிரி சொல்லுங்கள். 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். காது கேட்காதவர்கள் என்னிடம் அழுதபடி சொன்னவற்றில் அதிகமாக வந்தது இந்த ஒரு வாக்கியம். செவிடு என்ற சொல்லும், செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியும் உங்கள் வீட்டில் புழங்குமானால் அவற்றையும் நிறுத்திவிடுங்கள். விளையாட்டுக்குச் சொன்னாலும், மெஷினை மறைக்கத் தோன்றுவது இதனால்தான்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தாத்தாவின் முன்னால் முகம் தெரிய உட்கார்ந்து, மெதுவாக, வாயைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றே ஒன்றை தினமும் சொல்லட்டும். மில்லில் கை ஜாடையில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று தாத்தாவிடம் கற்றுக்கொள்ளட்டும். டீ வேண்டும், சூப்பர்வைசர் வருகிறார், நூல் அறுந்துவிட்டது என்பதற்கெல்லாம் அவர்களிடம் தனித்தனி ஜாடை இருக்கும். மெஷின் இல்லாத நேரத்திலும் இருவருக்கும் அது உதவும்.

அடுத்து திருத்தப் போகும்போது அப்பாவை அழைத்துக்கொண்டு நீங்களும் பேத்தியும் சேர்ந்து போங்கள், சனிக்கிழமையாகப் பார்த்து. அங்கே மெஷினை அமைக்கும்போது, அவருக்கு எதிரே பேத்தியை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். அந்தக் குரல் தெளிவாகும் வரை திருத்தித் தரும்படி ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் அப்பாவையே எழுதச் சொல்லுங்கள்.